குடத்துக்குள் யார் பெயர்?



சென்ற மாதக் கடிதக் கட்டில் சிகாகோவிலிருந்து ஒரு கடிதம் இருந்தது. எழுதியவர் பழவேற்காட்டுப் பெண். அப்பா ஏரியில் வலை போட்டுப் படிக்க வைத்திருக்கிறார். மகள் செவிலியர் படிப்பை முடித்து வளைகுடா போய், அங்கிருந்து அமெரிக்கா போய், குடியுரிமையும் வாங்கிவிட்டார். 2023-இல் சிகாகோ மேயர் தேர்தலில் முதல் முறையாக ஓட்டுப் போட்ட கதையை நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தார். "சீட்டில் கட்சிப் பெயரே இல்லை ஐயா. வெறும் ஆள் பெயர்தான். நம்ம ஊர் பள்ளிக்கூடமும், கையில் கொடுத்த ரோஸ் கலர் சீட்டும் ஞாபகம் வந்துவிட்டது" என்று ஒரு இடத்தில் சொல்லியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: "எங்கள் ஊராட்சிக்கு இப்போது யார் தலைவர்? அம்மாவிடம் போனில் கேட்டால் 'யாரும் இல்லடி' என்கிறார். எனக்குப் புரியவில்லை. நீங்களாவது சொல்லுங்கள்."

உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் அந்தத் தாயின் "யாரும் இல்லடி" என்ற சொல் என்னை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் பொன்னேரிக்கு மின்சார ரயில் ஏறி, அங்கிருந்து திருப்பாலைவனம் வழியாகப் போகும் பேருந்தில் பழவேற்காடு போய்ச் சேர்ந்தேன்.

நான் போனபோது ஏலம் முடிகிற நேரம். இறால் கூடைகள் ஐஸ் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு பையன்கள் நண்டுகளின் கொடுக்கைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி நிழலில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வந்த காரியத்தைச் சொன்னேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"தலைவர்னா எந்தத் தலைவர் தம்பி? ஊர்த் தலைவரா, ஊராட்சித் தலைவரா? ஊர்த் தலைவர் இருக்காரு. அதோ ஐஸ் வண்டியாண்ட நிக்கிறாரு பாரு. ஊராட்சித் தலைவர்தான் இல்ல."

நகரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஏரிக்கரையில் அப்படி இல்லை. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று வரிசையாகக் கிடக்கும் மீனவ ஊர்களில், சட்டம் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. குடும்பத் தலைவர்களான தலைக்கட்டுகள் கூடி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கோயில் திருவிழா, ஊர் வரி, படகுச் சண்டை, வலைச் சண்டை, கடலில் ஒருவர் இறந்துபோனால் அந்தக் குடும்பத்துக்கான உதவி, பக்கத்து ஊரோடு தகராறு, கலெக்டரிடம் மனு எல்லாம் அவர்கள் கையில். அங்கே எந்தக் கட்சிக்கும் இடமில்லை. வீட்டு வாசலில் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த கொடியைக் கட்டிக்கொள்ளலாம். கூட்டம் கூடும் இடத்துக்கு அந்தக் கொடி வராது.

இன்னொன்று, அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தத்துக்குப் பின் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி அமையும் ஊராட்சி மன்றம். தெரு விளக்கு, குடிநீர்க் குழாய், வீட்டு வரி, நூறு நாள் வேலை, கிராம சபை எல்லாம் இதன் பொறுப்பு. இதிலும் கட்சிக்கு இடமில்லை. சட்டம் அப்படித்தான் வகுத்திருக்கிறது. கிராமத்து வாக்காளர் கையில் நான்கு சீட்டுகள் கொடுப்பார்கள். மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள், ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை. இந்த இரண்டிலும் கட்சிச் சின்னங்கள் இருக்கும். ஊராட்சித் தலைவருக்கான ரோஸ் சீட்டிலும், வார்டு உறுப்பினருக்கான சீட்டிலும் கட்சிச் சின்னம் கிடையாது. தேர்தல் ஆணையம் ஒதுக்கும் பொதுச் சின்னங்கள்தாம்: ஆட்டோ, பூட்டு சாவி, கை உருளை. "ஆட்டோக்காரரா, பூட்டு சாவியா?" என்று ஊரில் கேட்டால், அது ஆளைக் கேட்கிற கேள்வி.

மாநகர மேயரை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 1996-லும் 2001-லும் மு.க. ஸ்டாலினை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2011-இல் சைதை துரைசாமியை. எல்லாம் கட்சிச் சின்னத்தில் நடந்தவை. 2022-இல் ஆர். பிரியா மேயரானபோது, நேரடி வாக்கும் போய், கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கும் முறை வந்திருந்தது. தமிழ்நாட்டில் மக்கள் தாங்களே ஓட்டுப் போட்டு, கட்சிச் சின்னம் இல்லாமல், ஒரு ஊருக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் இடம் இன்று ஊராட்சி ஒன்றுதான். அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரத்து வாக்குச்சீட்டைப் பார்த்ததும் பழவேற்காட்டுப் பெண்ணுக்குத் தன் ஊர்ப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

சிகாகோ இந்த முறைக்கு வந்தது மிகப் பிந்தித்தான். சட்டம் 1995-இல், அதன்படி நடந்த முதல் தேர்தல் 1999-இல். லாஸ் ஏஞ்சலிஸ், டெட்ராய்ட், டல்லாஸ், ஹூஸ்டன், சியாட்டில் போன்ற நகரங்களிலும் மேயர் தேர்தலில் கட்சிப் பெயர் கிடையாது. நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் இன்றும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எழுந்த சீர்திருத்த இயக்கம்தான் இதற்கு விதை. அந்நாளில் பெரிய நகரங்களைக் கட்சி முதலாளிகள் வைத்திருந்தார்கள். துப்புரவு வேலையிலிருந்து போலீஸ் வேலை வரை அவர்கள் கையைத் தாண்டிக் கிடைக்காது. பாலம் கட்டும் ஒப்பந்தமும் அப்படியே. நியூயார்க்கின் டாமனி ஹால் அதற்குப் பேர்போன இடம். சாக்கடை அள்ளுவதிலும் தெருவுக்குத் தார் போடுவதிலும் கட்சிக்கு என்ன வேலை என்று கேட்டு எழுந்தவர்கள், வாக்குச்சீட்டிலிருந்து கட்சிப் பெயரை எடுத்தார்கள்.

சிகாகோ விதி எளியது. முதல் சுற்றில் யாராவது பாதிக்கு மேல் வாங்கினால் அவரே மேயர். இல்லாவிட்டால் முதலிரண்டு இடம் பெற்றவர்கள் இரண்டாம் சுற்றில் மோதுவார்கள். 2023 பிப்ரவரி 28-இல் ஒன்பது பேர் நின்றார்கள். பதவியிலிருந்த மேயர் லோரி லைட்ஃபுட் மூன்றாமிடம் போய் வெளியேறினார். 2019-இல் நகரின் 50 வார்டுகளிலும் வென்று வந்தவர் அவர். ஏப்ரல் 4-இல் நடந்த இரண்டாம் சுற்றில், முன்பு ஆசிரியராக இருந்து ஆசிரியர் சங்கத்தில் பணியாற்றிய பிராண்டன் ஜான்சன், நகரப் பள்ளிகளின் முன்னாள் தலைமை நிர்வாகி பால் வாலஸை ஏறத்தாழ 52 விழுக்காடு வாங்கித் தோற்கடித்தார். இருவரும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள். சீட்டில்தான் கட்சி இல்லை. நகரத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். டல்லாஸில் இதே 2023-இல், கட்சியில்லாப் பதவியில் அமர்ந்திருந்த மேயர் எரிக் ஜான்சன் ஒரு கட்சியிலிருந்து இன்னொரு கட்சிக்குப் போவதாக நாட்டுக்கே அறிவித்தார்.

நம் கிராமத்திலும் அப்படித்தான். ஆட்டோ சின்னத்தில் நின்றவர் எந்தக் கட்சி என்று தெரு முழுக்கத் தெரியும். வென்ற மறுநாள் சால்வையோடு யார் வீட்டுக்குப் போகிறார் என்பதும் தெரியும். இதனால் கட்சியில்லாத் தேர்தல் பயனற்றது என்று சொல்ல நான் தயாரில்லை. கட்சித் தலைமை கைகாட்டிய ஆள் என்பதற்காக மட்டும் ஓட்டு விழாத ஒரு சீட்டு நம் கையில் இருப்பது பெரிய காரியம். தலைவராக நிற்கிறவரின் அப்பாவைத் தெரியும். அவர் கடன் வாங்கித் திருப்பிக் கொடுப்பாரா என்பது தெரியும். புயல் அடித்த இரவில் அவர் யார் வீட்டுக் கதவைத் தட்டினார் என்பதும் தெரியும். அந்தத் தெரிதலை வைத்து ஓட்டுப் போடுகிறோம். இந்த நிறைவைக் கட்சித் தேர்தல் தராது.

பெரியவர் வலையைத் தைத்தபடியே பாடு பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் கேட்டு வந்த விஷயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று முதலில் நினைத்தேன். கேட்கக் கேட்கத்தான் எல்லாம் அங்கேதான் இருக்கிறது என்று புரிந்தது.

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி நம்மிடம். கடலும் ஏரியும் மாறிமாறி நீர் வாங்கும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான் இறால் அதிகம். எல்லாரும் அங்கேயே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதற்காக முன்னோர் கண்ட ஏற்பாடு பாடு. ஏரியில் சுத்து வலை கட்டும் இடங்களைப் பிரித்து, உரிமையுள்ள தலைக்கட்டுகளின் பெயரைச் சீட்டெழுதிக் குலுக்கி, இன்னாருக்கு இன்ன நாள் இன்ன இடம் என்று முறை வைப்பார்கள். நல்ல இடம் இன்று உனக்கென்றால் நாளை எனக்கு. பணக்காரன், ஏழை என்ற பேச்சில்லை. இலங்கையில் நீர்கொழும்புக் கடல்ஏரியிலும் இதுபோலவே சீட்டுப் போட்டு வலை இடத்தைப் பகிரும் வழக்கம் உண்டு. உத்திரமேரூர்க் குடவோலையைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். ஓலை நறுக்கில் பெயரெழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கியது பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில். சென்னையிலிருந்து ஒரு பேருந்து தூரத்தில், சீட்டுக் குலுக்கித் தண்ணீரைப் பங்கிட்டு வாழ்ந்த மக்களை நாம் நினைப்பதேயில்லை.

"யாரு யாரு பேரு சீட்டுல வரும் ஐயா?" என்று கேட்டேன்.

"கல்யாணம் ஆன ஆம்பள. எங்க ஊர்க்காரன். அப்பன் பாட்டன் வழியா உரிமை உள்ளவன்."

அவர் அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. வழக்கம் அப்படி.

குடவோலையிலும் அப்படித்தான் இருந்தது. வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், மறை கற்ற அறிவும் இருந்தவர் பெயர்தான் குடத்துக்குள் போயிற்று. குலுக்கல் நேர்மையாகவே நடந்திருக்கும். சிறு பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னார்கள் என்கிறது கல்வெட்டு. ஆனால் அந்த ஊரில் உழுதவன் பெயர் குடத்துக்குள் இல்லை. பெண் பெயர் இல்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1688 செப்டம்பர் 29-இல் சென்னை மாநகராட்சி பிறந்தபோது, அதன் முதல் மேயராக அமர்ந்தவர் நத்தானியேல் ஹிக்கின்சன். அவர் பிறந்தது அமெரிக்காவின் கனெக்டிகட்டில், படித்தது ஹார்வர்டில். அப்போது சிகாகோ என்றொரு நகரமே கிடையாது. பழவேற்காடோ டச்சுக்காரர்களின் சோழமண்டலக் கரைத் தலைமையிடமாக இருந்தது. 1613-இல் கட்டிய கெல்திரியா கோட்டையிலிருந்து ஆண்டுகொண்டிருந்தார்கள். சென்னை மாநகராட்சி பிறந்த இரண்டே ஆண்டில், 1690-இல், தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஹிக்கின்சனுக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி நியமித்தது. அவரோடு அமர்ந்த பன்னிரண்டு ஆல்டர்மேன்களில் போர்த்துகீசிய வணிகரும் யூத வணிகரும் நம்மூர் வணிகரும் இருந்தார்கள். பார்வைக்கு எல்லாரையும் சேர்த்துக்கொண்ட சபைதான். கோட்டைக்கு வெளியே கட்டுமரம் தள்ளியவர்களை யாரும் கூப்பிடவில்லை.

மத்தியானம் படகில் ஏறி ஏரிக்குள் கொஞ்சதூரம் போனேன். ஆழமில்லாத இடத்தில் இருளர் பெண்கள் சிலர் தண்ணீருக்குள் உட்கார்ந்தபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கையும் சேற்றைத் தடவிக்கொண்டே போகும். இறால் அகப்பட்டால் பறி என்னும் கூடைக்குள் போடுவார்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். வலையில்லை, படகில்லை. காலை முதல் உப்புத் தண்ணீருக்குள் இருந்து எழுந்து வருகிறபோது விரல் நுனித் தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். இவர்களுக்குப் பாடு கிடையாது. ஊர்க் கூட்டத்தில் இடம் கிடையாது.

கரைக்கு வந்த ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஓட்டுப் போடுவீர்களா என்று கேட்டேன்.

"போடாம? நாலு சீட்டு குடுத்தாங்க சார். எனக்குப் படிக்கத் தெரியாது. ரோஸ் சீட்டுல எதுல குத்தணும்னு பொம்மையப் பாத்துக் குத்திட்டேன். யாருக்குன்னு எம் வூட்டுக்காரருக்கும் சொல்லல."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த சிரிப்புதான் நான் அன்று முழுவதும் சுமந்து வந்தது. ஊர்ப் பஞ்சாயத்தின் குடத்தில் அவர் பெயர் இல்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. 2016-இல் வந்த சட்டத் திருத்தத்தால் தமிழ்நாட்டு உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று ஆனது. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு உண்டு. ஊர்க் கூட்டத்தில் வெளியே நின்று கேட்கிற பெண், ஊராட்சி அலுவலகத்தில் நடுநாற்காலியில் உட்காரலாம். உட்கார்ந்த பிறகும் கணவர்தான் பேசுகிறார், கணவர்தான் கையெழுத்து எங்கே என்று காட்டுகிறார் என்பது பல ஊர்களில் உண்மைதான். அதைச் சொல்லி அந்த நாற்காலியைச் சிறுமைப்படுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முதல் ஆண்டு கணவரைப் பார்த்துப் பேசியவர், மூன்றாம் ஆண்டு ஒன்றிய அலுவலகத்தில் தானே குரல் உயர்த்திப் பேசியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கட்சி இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதால், 1996 முதல் 2006 வரை முறையான தேர்தலே நடக்கவிடவில்லை. தடுத்தது எந்தக் கட்சியின் சின்னமும் இல்லை, சாதி. மதுரைப் பக்கத்து மேலவளவில், அப்படி ஒதுக்கப்பட்ட பதவியில் தலைவராக வென்ற முருகேசனை 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொன்றார்கள். 2019 ஊராட்சித் தேர்தலின்போது சில ஊர்களில் தலைவர் பதவியையே ஏலம் விட்ட செய்திகள் வந்தன. கோயிலுக்குப் பணம் தருகிறவருக்குப் பதவி. ஊர் ஒற்றுமை என்ற பெயரில் அதைச் செய்தார்கள். அந்தத் தேர்தலில் 400-க்கும் மேற்பட்ட தலைவர்களும் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வார்டு உறுப்பினர்களும் போட்டியின்றி வந்தார்கள். எல்லாமே தவறாக நடந்தவை என்று சொல்லமாட்டேன். மனமொத்து ஒருவரைக் கைகாட்டிய ஊர்களும் உண்டு. ஆனால் அந்த இருளர் அம்மா ரகசியமாகக் குத்துகிற சீட்டு அவர் கைக்கு வராமல் போகிற எந்த ஏற்பாட்டையும் ஒற்றுமை என்று நான் ஏற்கமாட்டேன்.

சிகாகோவில் 2023-இன் இரண்டு சுற்றிலும் நூற்றுக்கு நாற்பது பேர்கூட வாக்களிக்க வரவில்லை. 2019 டிசம்பர் 27, 30 இரண்டு நாளும் தமிழ்நாட்டின் 27 மாவட்டக் கிராமங்களில் நடந்த தேர்தலில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வந்து வரிசையில் நின்றார்கள். வேலை நாள் கூலியை விட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். தங்கள் கைக்கு எட்டுகிற ஆட்சி எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி சிகாகோ சகோதரியின் கேள்விக்கு வருகிறேன்.

ஊராட்சி மன்றத்தின் காலம் ஐந்து ஆண்டு. அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 243E பிரிவு. 2011-இல் தேர்ந்தெடுத்த மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அக்டோபர் 17, 19 தேதிகளில் தேர்தல் என்று அறிவித்து மனுத்தாக்கலும் நடந்தது. ஒதுக்கீடு தொடர்பான வழக்கில் அக்டோபர் 4-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, மேல்முறையீடு, அவகாசம் என்று மூன்று ஆண்டு கடந்தது. அந்த மூன்று ஆண்டும் ஊராட்சிகளைப் பார்த்தது அரசு நியமித்த தனி அலுவலர்தான்.

அந்த மூன்று ஆண்டுக்குள் ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னைக்கருகே கரையைக் கடந்தது. ஊராட்சித் தலைவர்கள் பதவி இழந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கரையோர ஊர்களில் மின்கம்பம் சாய்ந்தது, கூரை பறந்தது. குடிநீருக்கு டிராக்டர் எங்கே வரும், தார்ப்பாய் யாருக்கு, எந்த வீட்டில் மின்கம்பி அறுந்து கிடக்கிறது என்று கேட்க மக்கள் யாரிடம் போவார்கள்? தனி அலுவலர் நல்லவராகவே இருக்கட்டும். பல ஊராட்சிகளை ஒருவரே பார்க்கிறவர், ஒன்றியத் தலைமையிடத்தில் இருக்கிறவர். ராத்திரி பதினொரு மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. மீனவ ஊர்களில் ஊர் நிர்வாகிகள் இருந்ததால் தாங்கிக்கொண்டார்கள். நிர்வாகிகளின் கணக்கில் வராத இருளர் குடியிருப்புக்கு அன்றைக்கு யார் இருந்தார்?

2019 தேர்தலில் வென்றவர்கள் 2020 ஜனவரியில் பொறுப்பேற்றார்கள். பழவேற்காடு இருக்கும் திருவள்ளூர் மாவட்டமும் தேர்தல் நடந்த அந்த 27 மாவட்டங்களில் ஒன்று. அவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குள் அடுத்த தேர்தல் நடக்கவில்லை. மீண்டும் தனி அலுவலர்கள் வந்து அமர்ந்தார்கள். அம்மா போனில் சொன்னது அதைத்தான், தங்கையே.

யார் ஆட்சியில் தாமதம் நடந்தது என்று கணக்குப் பார்த்து ஒரு கட்சியைச் சாடுவது என் நோக்கமில்லை. 1986-க்கும் 1996-க்கும் இடையில் பத்து ஆண்டு உள்ளாட்சித் தேர்தலே இல்லாமல் இருந்த மாநிலம் நம்முடையது. ஆண்டவர்கள் மாறினார்கள், பழக்கம் மாறவில்லை. சட்டமன்றத் தேர்தல் ஒரு மாதம் தள்ளினால் நாடு கொதிக்கும். ஊராட்சித் தேர்தல் மூன்று ஆண்டு தள்ளினாலும் செய்தித்தாளின் ஏழாம் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி. எங்கள் இதழும் 2016-இலிருந்து 2019 வரை இதைப் பற்றி ஒரு அட்டைப்படக் கட்டுரைகூட எழுதவில்லை. பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தபோது அது மனத்தை உறுத்தியது.

ஏரிக்கரை மக்களுக்கு முன்னால் நிற்கும் பிரச்சினைகள் ஒன்றும் சிறியவை அல்ல. முகத்துவாரம் மணல் மூடிக்கொள்கிறது. அதை நிலையாகத் திறந்து வைக்க 26 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் இருபுறமும் கல்சுவர் எழுப்பும் திட்டம் நெடுநாள் கோரிக்கைக்குப் பின் வந்தது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்துக்கு மீனவ ஊர்கள் எதிர்ப்புச் சொல்லி வருகின்றன. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவித்த கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடக்காமல் தள்ளிப்போயின. ஏரி வனத்துறையிடம், மீன் மீன்வளத்துறையிடம், முகத்துவாரம் நீர்வளத்துறையிடம் என்று பிரிந்து கிடக்கையில், ஊராட்சித் தலைவர் ஒருவரால் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். அவருக்கு அதிகாரம் குறைவுதான். ஆனால் கிராம சபையைக் கூட்டித் தீர்மானம் போட்டு, "இது எங்கள் ஊரின் சொல்" என்று கையெழுத்திட்டு அனுப்பும் உரிமை அவருக்கு உண்டு. ஆண்டுக்கு ஆறு முறை அந்தச் சபை கூட வேண்டும். அதில் தலைக்கட்டும் உட்காரலாம், பறியைக் கடித்து இறால் தடவும் அம்மாவும் உட்காரலாம். அதே சபையைத் தனி அலுவலர் கூட்டும்போது, ஊரின் குரலாகப் பேச வேண்டியவர் அரசின் ஊழியராக இருக்கிறார். அரசின் திட்டத்தை எதிர்த்து அவர் எப்படி எழுதுவார்?

மாலையில் கிளம்பும்போது பெரியவர் வலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். விடைபெற்றேன். "அந்தப் பொண்ணுக்கு எழுதுனா, அவங்கம்மா நல்லாருக்காங்கன்னு எழுது தம்பி. எங்க தெருதான்" என்றார்.

இதை எழுதிவிட்டேன், தங்கையே. உங்கள் அம்மா நலமாக இருக்கிறார். ஊராட்சிக்குத் தலைவர் இல்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபைக்குப் போங்கள். ஊராட்சித் தேர்தல் எப்போது என்று எழுந்து நின்று கேளுங்கள்; அந்தக் கேள்வியைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாத குடும்பம் எது என்று உங்களுக்குத்தான் தெரியும். தேர்தல் அறிவிப்பு வருவதற்குள் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெயர் சேர்த்துக் கொடுங்கள். என்ன நடந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். வருகிற கடிதங்களுக்கு இந்தப் பக்கத்தில் இடம் உண்டு.

அன்புடன்,
ஆசிரியர்